துறைமுகக் குறியீட்டெண்கள்

பன்னாட்டு வணிகத்தில் சரக்கு ஏறும், இறங்கும் துறைமுகங்களைச் சுங்கப் பட்டியல்களிலும் வணிகப் புள்ளிவிவரங்களிலும் பெயருக்குப் பதிலாகக் குறிக்கும் எண்கள்.

கடலைப் பார்க்காத ஊர்ச் சரக்குக்கும் துறைமுக எண் வேண்டும். எடுத்துக்காட்டாக, மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை 1885இல் வில்லியம் கேமரன் அளந்தார், 1929இல் ஜே. ஏ. ரசல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. கொழுந்து பறிக்கத் தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். தாப்பா சாலை வழியே மலையிறங்கும் தேயிலைக்குப் பெரிய வாசல், 1901இல் திறக்கப்பட்ட ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம். 1972இல் அது கிள்ளான் துறைமுகம் ஆனது. இப்படிப் பெயர் மாறும் இடங்களில்தான் எண்ணின் அருமை தெரியும்.

எண் முறைகளில் விரிவானது அமெரிக்காவின் ஷெட்யூல் கே. அயல்நாட்டுத் துறைமுகம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலக்கம். முதல் மூன்றும் நாட்டைச் சுட்டும்: இந்தியா 533, இலங்கை 542, மலேசியா 557, சிங்கப்பூர் 559. கடைசி இரண்டும் துறைமுகத்துக்கு உரியவை. சிங்கப்பூரின் முழு எண் 55976. சொந்தத் துறைமுகங்களுக்கு அமெரிக்கா வைத்திருப்பது நான்கு இலக்க ஷெட்யூல் டி. அதில் லாஸ் ஏஞ்சல்ஸ் 2704, பக்கத்திலுள்ள லாங் பீச் 2709. கேமரன் மலைத் தேயிலை கிள்ளானில் ஏறி லாங் பீச்சில் இறங்குமானால், 557இல் தொடங்கும் எண்ணும் 2709உம் ஒரே சரக்குப் பட்டியலில் அமரும். மூன்று கிலோவுக்கு மேற்படாத பொட்டலமாகக் கட்டிய கறுப்புத் தேயிலை என்றால், கூடவே 090230 என்ற சரக்கு எண்ணும் சேரும். 2002இல் வந்த அமெரிக்க விதிப்படி, கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே இப்பட்டியல் சுங்கத்துக்குப் போயாக வேண்டும். தவறிய பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும்.

ஐ.நா.வின் லோகோடு முறை 1981இல் வெளியானது. அது எழுத்துகளால் ஆனது, கிள்ளானுக்கு எம்ஒய்பிகேஜி. எழுத்து, பெயரின் நிழலை விடாது. மதராஸ் 1996இல் சென்னை ஆன பின்னும் குறியீட்டில் எம்ஏஏ என்றே நிற்கிறது. அம்முறையிலும் இடத்தின் பணியைச் சொல்ல எண்ணையே நாட வேண்டியிருந்தது: 1 துறைமுகம், 4 விமான நிலையம், 6 உள்நாட்டுச் சரக்கு முனையம். இந்தியச் சுங்கம் இவ்விலக்கத்தைக் குறியீட்டின் வாலில் ஒட்டிவிட்டது. ஐஎன்எம்ஏஏ1 சென்னைத் துறைமுகம், ஐஎன்எம்ஏஏ4 சென்னை விமான நிலையம்.

எடுத்துக்காட்டாகச் சொன்ன கேமரன் மலைத் தேயிலையிலோ பெரும்பங்கு இன்று உள்நாட்டிலேயே விற்றுத் தீர்கிறது, அதற்கு இவ்வெண்கள் வேண்டியதில்லை.