குற்றாலத்தில் பேரிக்காய் மரம் காய்க்குமா? கன்று வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அருவிகளில் மட்டுமல்ல, பழக்கடைகளிலும் கூட்டம் அலைமோதும். பழங்களை வாங்கும்போதே, "இவ்வளவு குளுகுளுன்னு இருக்கே, நம்ம வீட்டுலயும் ஒரு பேரிக்காய் மரம் வெச்சா என்ன?" என்று பலருக்கும் தோன்றும். வைக்கலாம், வளரும். ஆனால் காய்க்குமா?

குற்றாலக் குளிர் போதாதா?

பேரிக்காய் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும் மரம். அதன் மொட்டுகள் விழிக்க, சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் தேவை. அது கிடைக்காவிட்டால் இலை துளிர்க்கும், பூ சரியாக வராது.

குற்றாலம் இருப்பது 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாம் உணர்வது மழையும் காற்றும் தரும் குளிர்ச்சி. டிசம்பர், ஜனவரி இரவுகளில்கூட வெப்பநிலை பொதுவாக 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். பேரிக்கு இது போதாது. அதனால் ஆண்டுக்கணக்கில் தண்ணீர் ஊற்றியும் மரம் வெறும் இலையோடு நிற்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அப்போ எங்கே காய்க்கும்?

தமிழ்நாட்டில் கொடைக்கானல், நீலகிரி மலைப்பகுதிகள்தான் பேரிக்காய்க்கு ஏற்றவை. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கேயும் குறைந்த குளிரில் காய்க்கும் கீஃபர் போன்ற ரகங்களே கைகொடுக்கும்.

மலையில் வீடு இருப்பவர்கள் கவனிக்க:

• விதைக் கன்று வேண்டாம், ஒட்டுக்கன்று வாங்குங்கள்.
• 2 அடி ஆழ, அகலக் குழியில் மட்கிய தொழுவுரம் கலந்து நடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது.
• பெரும்பாலான ரகங்களுக்கு மகரந்தம் தர வேறு ரகப் பேரி அருகில் தேவை. ஒற்றை மரம் வைத்தால் காய்ப்பு குறையும்.
• இலை உதிர்ந்து நிற்கும் குளிர்காலத்தில் கவாத்து செய்யுங்கள்.

குற்றாலம், தென்காசிக்காரர்கள் என்ன வைக்கலாம்?

ஐந்தருவிக்கு மேலே ஓர் அருவிக்குப் 'பழத்தோட்ட அருவி' என்றே பெயர். அங்கே தோட்டக்கலைத் துறையின் பழத்தோட்டம் இருக்கிறது. ஈரப்பதமும் நிழலும் உள்ள இந்த மலையடிவாரத்துக்குப் பொருத்தமானவை மங்குஸ்தானும் ரம்புட்டானும்.

மங்குஸ்தான்: மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும், ஒற்றை மரம் போதும். விதையிலிருந்து வரும் கன்றும் தாய் மரத்தைப் போலவே இருக்கும். ஆனால் விதை காய்ந்தால் முளைக்காது, பழம் தின்ற கையோடு ஊன்ற வேண்டும். முதல் சில ஆண்டுகள் நிழல் கட்டாயம். காய்க்க 7 முதல் 10 ஆண்டுகள் ஆகலாம், பொறுமை வேணும்.

ரம்புட்டான்: விதைக் கன்று ஆண் மரமாகிவிட்டால் ஒரு பழம்கூடக் கிடைக்காது. மொட்டு ஒட்டுக் கன்று வாங்கினால் 3, 4 ஆண்டுகளில் பலன் பார்க்கலாம்.

இரண்டுக்கும் கோடையில் வேர்ப்பகுதி காயக் கூடாது. இலைச்சருகால் மூடாக்கு போட்டு, தொடர்ந்து தண்ணீர் விட வேண்டும். தென்காசி நகர்ப்பக்கம் வெயில் அதிகம் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை.

வாங்கும் முன் ஒரு கேள்வி

"எல்லா ஊருக்கும் ஏற்ற பேரிக்கன்று" என்று யாராவது விற்றால் உடனே காசை எடுக்காதீங்க. "இதே ரகம் நம்ம ஊர்ல காய்ச்ச மரம் எங்க இருக்கு?" என்று கேளுங்கள். அந்த மரத்தை நேரில் பார்த்த பிறகு குழி தோண்டலாம். தப்பான கன்று வாங்கினால் போன பணத்தை மறுபடி சம்பாதிக்கலாம், காத்திருந்த 5 வருஷம் திரும்பி வராது.