சோழவந்தான்: பெயரும் பழமையும்

சேவுகம்பட்டி அமைந்துள்ள நிலக்கோட்டைப் பகுதியைக் கடந்து வைகை மதுரை நோக்கிச் செல்லும் வழியில், அதன் வடகரையில் உள்ள ஊர் சோழவந்தான். இவ்வாற்றங்கரையின் தொன்மைக்குச் சான்றுகள் பல உள. மேல்வைகைப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. நிலக்கோட்டை வட்டத்து மேட்டுப்பட்டிச் சித்தர்மலைக் குகையிலும் அவ்வெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. சோழவந்தானுக்குக் கீழே, ஞானசம்பந்தர் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துச் சென்று அடைந்த இடமாகத் திருவேடகம் போற்றப்படுகின்றது. சோழவந்தானின் வரலாறோ அதன் பெயரிலேயே பொதிந்து கிடக்கின்றது.

சோழ மன்னன் ஒருவன் இங்கு வந்தான், வளங்கண்டு உவந்தான், அதனால் இப்பெயர் அமைந்தது என்பர். இடைக்காலக் கல்வெட்டுகளோ இவ்வூரைப் பாகனூர்க் கூற்றத்துச் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம் என்கின்றன. அந்தகன் என்பான் கூற்றுவன். எனவே சோழாந்தகன் எனின் சோழர்க்குக் கூற்றுவன் என்பது பொருள். 10ஆம் நூற்றாண்டில் 'சோழன் தலைகொண்ட' என்னும் அடைமொழியுடன் ஆண்ட வீரபாண்டியனின் சிறப்புப் பெயர் அது.

சோழ, அந்தகன் என்னும் சொற்கள் வடமொழி முறையில் புணரின் சோழாந்தகன் ஆகும். வகர உடம்படுமெய் பெற்றுத் தமிழ் முறையில் புணரின் சோழவந்தகன் ஆகும். பின்னது மருவிச் சோழவந்தான் ஆயிற்று எனக் கொள்வது பொருந்தும். பழம்பொருள் மறைந்தபின், 'வந்தான்' என்னும் பழகிய வினை செவியிற்பட, கதை பிறந்தது போலும்.

அவ்வீரபாண்டியன் தலையைக் கொண்டவனாகச் சோழர் கல்வெட்டுகளில் புகழப்பெறுபவன் சுந்தரசோழன் மகன் ஆதித்த கரிகாலன். பின்னர் முதலாம் இராசராசன் பாண்டிநாட்டைத் தன் ஆட்சிக்கு உட்படுத்தினான். முதலாம் இராசேந்திரன் மதுரையில் சோழபாண்டியரை அமர்த்தினான். ஆயினும் பகைவன் இட்ட பெயர் ஊரைவிட்டு அகலவில்லை.

ஊரினுள் பிரளயநாதர் கோயிலும் சனகை மாரியம்மன் கோயிலும் உள்ளன. சனகை என்பதனை இராசராசனின் விருதாகிய சனநாதன் என்பதோடு இயைப்பாரும் உளர். அது பொருந்துமாயின், பகைவர் இருவரின் பெயரும் ஓரூரிலேயே நிலைத்தன எனலாம். ஆற்றின் தென்கரையில் மூலநாதர் கோயில் பாண்டியர் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கின்றது. மேற்கே குருவித்துறையில் சித்திரரத வல்லபப் பெருமாள் கோயில் உள்ளது.

செவிவழிக் கதை சோழனை விருந்தினனாக்குகின்றது. கல்வெட்டோ போரை நினைவூட்டுகின்றது. திருப்பணி என்ற பெயரால் கல்வெட்டுகளைச் சுண்ணம் பூசி மறைப்பதும் மணல் வீச்சால் தேய்ப்பதும் தமிழகக் கோயில்கள் பலவற்றில் நிகழ்ந்துள்ளன. எழுத்து அழிந்தபின் எஞ்சுவது கதை ஒன்றே. ஆதலின், திருப்பணிக்கு முன்னர்க் கல்வெட்டுகளைப் படியெடுத்துக் காத்தல் நம் கடன்.