லயத்துச் சுவரும் உடலின் சுவரும்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மலைச்சாரல்களில் தேயிலைக்கும் இறப்பருக்குமென ஆங்கிலேயர் எழுப்பிய லயங்களின் அளவு ஊரறிந்ததே: பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் ஒரு குடும்பம். தமிழகத்து வறட்சி துரத்திவந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக அவ்வறைகளிலே உறங்கினர். ஒருவர் இருமினால் அத்தனை பேரும் அக்காற்றையே சுவாசிக்க வேண்டும். ஒரே வீட்டில் அடுத்தடுத்து மரணம் கண்டவர்கள் காசநோயைக் குடும்பச் சாபமென எண்ணியதில் வியப்பென்ன?

அவ்வெண்ணத்தின் வேரை அறுத்தது 1882 ஆம் ஆண்டு. மார்ச் 24 இல் ரொபேர்ட் கொக் பெர்லினில் நோய்க்கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அதே ஆண்டின் இறுதியில் இலியா மெச்னிகோவ் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திரமீனின் இளவுயிரியுள் முள்ளொன்றைச் செருகி, நடமாடும் உயிர்க்கலங்கள் அதனைச் சூழ்வதைக் கண்டார். பகைவனையும் காவலனையும் மனிதன் ஒருங்கே அறிந்துகொண்டான்.

நுரையீரலை அடையும் காசநோய்க் கிருமியைத் தின்குழியங்கள் விழுங்குகின்றன. ஆனால் அக்கிருமியோ விழுங்கியவற்றினுள்ளேயே வாழவல்லது. அப்போது ரீ நிணநீர்க் குழியங்கள் வந்துசேர்ந்து தின்குழியங்களுக்கு வலுவூட்டுகின்றன. இரண்டும் கூடிக் கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. கிருமி தொற்றியவருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே வாழ்நாளில் நோயுறுகின்றனர். ஏனையோர் பிழைப்பது பெரிதும் அச்சுவரால்.

அச்சுவரைக் கட்டும் பொருள் நாம் உண்ணும் உணவு. பட்டினி கிடக்கும் உடலில் ரீ குழியங்கள் குன்றுகின்றன; அடைபட்ட கிருமி வெளிப்படுகிறது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் இலங்கைத் தோட்டங்களின் இறப்பு விகிதம் கடுமையாக உயர்ந்ததே, அக்காலத்தில் எத்தகைய உடல்கள் கிருமியை எதிர்நோக்கின என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமா?

சிலர் சென்னையைச் சுட்டுவர். 1956 இல் அங்கு தொடங்கி 1959 இல் முடிவு வெளிவந்த ஆய்வு, நெருக்கமான வீடுகளில் குறைந்த உணவோடு மருந்துண்ட ஏழைகளும் சுகவாசநிலையத்தில் படுத்திருந்தோருக்கு ஏறத்தாழ நிகராகக் குணமடைந்ததைக் காட்டிற்று. ஏழைக்கு அது பெரும் வெற்றி. ஆயினும் மாத்திரை போதும், சோறு வேண்டா என்று அதற்குப் பொருளுரைப்பது பிழை. நோயுற்றவரை மருந்து மீட்கிறது. நோயுறாதிருப்பதற்கு வழி என்ன?

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு விடை தந்தது. நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் வழங்கியபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 39 சதவீதம் குறைந்தது.

இலங்கையில் காசநோய்க்கு அரசு மருந்து இலவசம். அது போற்றத்தக்கது. ஆனால் லயங்கள் இன்னும் நிற்கின்றன. கொழுந்து பறிப்பவரும் பால் வெட்டுபவரும் நாட்கூலியை எண்ணியே உலையேற்றுகின்றனர். காற்றோட்டமுள்ள வீடும் வயிறு நிறையும் கூலியும் கேட்பது தொழிற்சங்கத்தின் வேலை மட்டுமென மருத்துவர் ஒதுங்கலாகாது. ஆசிரியராகிய நாமும் ஒதுங்கலாகாது.