பழைய கைத்தொலைபேசியைக் கொடுப்பதற்கு முன்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மேசை லாச்சிக்குள் பழைய கைத்தொலைபேசி ஒன்றாவது கிடக்காத வீடு குறைவு. கணவனின் அடிக்குப் பயந்து வாழும் ஒரு பெண்ணுக்கு அது உதவும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து பெண்களில் ஒருவர் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியுள்ளார்.

அடிப்பவர் பல வேளைகளில் முதலில் பறிப்பது தொலைபேசியைத்தான். பறிக்காவிட்டாலும், அவளுடைய கூகுள் கணக்கின் கடவுச்சொல் தெரிந்தாலே அவள் நிற்கும் இடத்தை அவரால் பார்க்க முடியும். அவருக்குத் தெரியாத இரண்டாவது தொலைபேசியின் பெறுமதி அங்கேதான்.

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். அங்கே இணைப்பு இல்லாத தொலைபேசியும் அவசர இலக்கத்துக்கு வேலை செய்ய வேண்டும் என்பது விதி. இங்கே அதை நம்பியிருக்க வேண்டாம். அவளுடைய அடையாள அட்டையில் எடுத்த சிம் வேண்டும், ரீலோட் வேண்டும், சார்ஜரும் வேண்டும். உங்கள் பெயரில் உள்ள சிம்மைக் கொடுக்காதீர்கள். அதிலிருந்து போகும் ஒவ்வொரு அழைப்பும் உங்கள் பெயரில்தான் நிற்கும்.

கொடுக்குமுன் முதலில் கூகுள் கணக்கை நீக்குங்கள், ஐபோன் என்றால் 'ஃபைண்ட் மை' வசதியை நிறுத்துங்கள். அதன் பிறகே முழுவதையும் அழியுங்கள். வரிசை மாறினால் பழைய கடவுச்சொல்லைக் கேட்டு, வாங்கியவரின் கையில் அது பூட்டிக்கொள்ளும். மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். முகநூல் பதிவுகளுக்காகவே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் எங்கள் இளைஞர்கள் கைதான நாடு இது. உங்கள் படங்கள் இன்னொருவருக்குச் சுமையாகக் கூடாது.

தெருவில் யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. 1987 முதல் இயங்கும் 'விமன் இன் நீட்' போன்ற அமைப்புகளிடம் தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு 1938 பெண்கள் உதவி இலக்கமும், அவசரத்துக்கு 119உம், அரச வைத்தியசாலைகளின் நட்பு நிலையங்களும் உள்ளன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அந்தப் பெண்ணின் தொலைபேசியில் மிரட்டல் குறுஞ்செய்திகள் இருந்தால் அவை சான்று. அவற்றை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொரு வகைத் தொலைபேசியும் எங்கள் வீடுகளில் இருக்கிறது: காணாமல் ஆக்கப்பட்டவருடையது, அல்லது அவரின் கடைசி அழைப்பு வந்தது. 2008-2009இல் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்ட வழக்கின் விசாரணையில் தொலைபேசிப் பதிவுகள் முக்கிய தடயங்களாயின. அப்படியானதை யாருக்கும் கொடுக்காதீர்கள், திருத்தவும் விடாதீர்கள். சிம்மோடு சேர்த்து ஒரு உறையில் போட்டு, திகதியை எழுதி, சட்டத்தரணியிடம் காட்டும்வரை வைத்திருங்கள்.