சிறுதேரும் சிறு லோரியும்

காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிறுதேர்ப் பருவத்தையே இறுதிப் பருவமாக வைத்தனர். பெரியோர் ஏறிச் செல்லும் ஊர்தியைச் சிறுவர் கைக்கு ஏற்ற அளவில் செய்து கொடுப்பது தமிழருக்குப் புதிதன்று. பின்னர் வந்த காலத்தில் தேர் லோரியாயிற்று. உருட்டும் கையின் இடத்தை வானொலி அலை பெற்றது. அவ்வாறு பிறந்த வானொலி விசை மாதிரி லோரிகளின் வரலாற்றையும், பழையனவற்றைத் தேடிச் சேர்த்துப் பழுது நீக்கி ஓட்டுவோரின் முயற்சியையும் காண்பது பயனுடையதாகும்.

கம்பியின்றித் தொலைவிலிருந்து ஒரு பொருளை இயக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்க அரங்கில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகொன்றை அவர் வானொலி அலைகளால் திருப்பியும் நிறுத்தியும் காட்டினார். அதே ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆயினும், அக்கண்டுபிடிப்பு பொழுதுபோக்காக மலர நெடுங்காலம் ஆயிற்று. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் வானொலியால் இயங்கும் மாதிரி விமானங்கள் பறந்தன. எனினும் அவற்றின் கருவிகள் கனமானவை. வெற்றிடக் குழல்களைக் கொண்டவை. 1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே கருவிகள் சுருங்கி, உள்ளங்கையில் அடங்கும் அளவாயின. 1960களில், நெம்புகோலை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவே சக்கரம் திரும்பும் நுட்பமும் கைகூடியது. அதுவரை முழுத் திருப்பம், நேர் என்னும் நிலைகளை மட்டுமே அறிந்திருந்த ஊர்தி, அதன் பிறகே மெய்யான ஊர்தியைப்போல் வளைந்து செல்லக் கற்றது.

இவ்வரலாற்றின் நடுவில் நிற்கும் ஊர் ஜப்பானின் ஷிசுவோக்கா. தொன்றுதொட்டு மரவேலைக்குப் பெயர்பெற்ற அந்நகரில், 1946-ஆம் ஆண்டில் யோஷியோ தமியா என்பார் மர வணிகம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அந்நிறுவனம் மரத்தால் மாதிரிக் கப்பல்களையும் ஊர்திகளையும் செய்து விற்கலாயிற்று. 1960-இல் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு மாறியது. அவருடைய மகன் ஷுன்சாக்கு தமியா நுணுக்கத்தில் பேரார்வம் கொண்டவர். போர்ஷே ஊர்தியின் மாதிரியைச் செய்ய முற்பட்டபோது, மெய்யான போர்ஷே ஒன்றையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தார் என்பது இத்துறையினர் அனைவரும் அறிந்த செய்தி. அவ்வுழைப்பின் வழிவந்த போர்ஷே 934, 1976-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் முதல் வானொலி விசை ஊர்தியாக வெளிவந்தது. ஷுன்சாக்கு 2025-ஆம் ஆண்டு ஜூலையில் தம் தொண்ணூறாம் வயதில் காலமானார்.

பந்தயக் கார்களை அடுத்துச் சரக்கேற்றும் ஊர்திகளும் வந்தன. 1981-இல் வெளிவந்த டொயோட்டா நான்கு சக்கர உந்து பிக்கப், பத்தில் ஒரு பங்கு அளவுடையது. உலோக ஏணிச் சட்டம், இலைவில், மூன்று வேகப் பல்லிணைப் பெட்டி ஆகியவை மெய்யான ஊர்தியில் உள்ளவாறே அதில் அமைந்திருந்தன. மறு ஆண்டில் பிளேசிங் பிளேசரும், 1985-இல் புரூசரும், 1986-இல் பிளாக்ஃபூட்டும் வெளிவந்தன. 1987-இல் வந்த கிளாட் பஸ்டர் இரண்டு மோட்டார்களைக் கொண்டது. அதன் நான்கு சக்கரங்களும் திரும்பக்கூடியவை. இன்று பழம்பொருள் சேகரிப்போர் பெரிதும் நாடுவன இந்த ஆறேழு ஆண்டுகளில் பிறந்தவையே.

இச்சிறு லோரிகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்து சேர்ந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. இம்மண் போக்குவரத்தால் வளர்ந்த மண். 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து இரயில் ஓடியது. பின்னர் ஆற்றின்மேல் பாலம் கட்டப்பட்டு, இருப்புப்பாதை கிள்ளான் நகரை எட்டியது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியரின் குடியிருப்பாயிற்று. செந்தூலில் பெரும் பட்டறை எழுந்தது. இவ்விடங்களில் எல்லாம் தமிழர் உழைத்தனர். தண்டவாளம் இட்டோரும், பட்டறையில் இரும்பை வளைத்தோரும், மாட்டுவண்டி ஓட்டிப் பின்னர் லோரி ஓட்டியோரும் அவர்களுள் பலர். 1972-இல் துறைமுகம் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது; 1973-இல் அங்குக் கொள்கலன் சேவை தொடங்கியது. அதன்பின் இப்பள்ளத்தாக்கின் சாலைகளில் லோரியின் ஓசை ஓய்ந்ததே இல்லை.

தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு லோரி வெறும் ஊர்தியன்று. பால்மரத்துப் பாலைச் சுமந்ததும், திருவிழாவுக்கு ஊரை ஏற்றிச் சென்றதும், நோயாளியை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் லோரியே. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீடமைப்புக்கு வழிவிட்டபோதும், குடும்பத்தின் பெட்டி படுக்கைகள் ஏறியதும் லோரியில்தான். தகர டப்பாவில் மூடிகளைச் சக்கரமாகக் கோத்துக் கயிறு கட்டி இழுத்த சிறுவன், கோலாலம்பூர்க் கடைக் கண்ணாடிக்குப் பின்னே தானே ஓடும் லோரியைக் கண்டு நின்றதில் வியப்பில்லை. ஆனால் அதன் விலை அவன் வீட்டு வருவாய்க்கு எட்டாதது. பொருத்துப் பெட்டி, வானொலிக் கருவி, பேட்டரி, மின்னேற்றி ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்க வேண்டியிருந்தது. அன்று வாங்க இயலாததை வேலைக்குச் சென்று தலை நரைத்தபின் தேடி வாங்குவோர், எந்த நாட்டிலும் இப்பொழுதுபோக்கில் பெருந்தொகையினர்.

அவ்வாறு கைக்கு வரும் பழைய லோரி பெரும்பாலும் நோயுற்றே வருகிறது. இந்நாட்டின் ஈரப்பதம் அதற்கு முதற்பகை. அட்டைப்பெட்டியில் பூஞ்சணம் பூக்கிறது; இலைவில்லும் திருகாணிகளும் துருவேறுகின்றன. இரண்டாம் பகை, உள்ளே மறந்து விடப்பட்ட பேட்டரி. அது கசிந்து தொடுமுனைகளை அரித்துவிடுகிறது. மூன்றாவது காலம். வெண்ணிறப் பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. சக்கர ரப்பர் இறுகி வெடிக்கிறது. காற்றும் வெயிலும் ரப்பரை என்ன செய்யும் என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பழுது நீக்கும் பணி பொறுமையைக் கேட்பது. முதலில் ஊர்தியை முற்றிலும் பிரித்து, ஒவ்வொரு திருகாணியும் எவ்விடத்தது என்று குறித்துவைக்க வேண்டும். காரக் கசிவைப் புளிக்காடியால் துடைத்து, நீரால் கழுவி உலர்த்த வேண்டும். பல்லிணைகளில் கெட்டித்துப்போன பழைய மசகை நீக்கிப் புதிது இட வேண்டும். மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்வோர் உண்டு. அளவு தவறினால் நிறம் திட்டுத் திட்டாகிவிடும். மின்னமைப்பிலும் கவனம் தேவை. அக்காலத்து லோரிகளுக்கு 1.2 வோல்ட் கொண்ட ஆறு நிக்கல் காட்மியக் கலங்களை இணைத்த 7.2 வோல்ட் பேட்டரியே உணவு. வேகத்தைக் கட்டுப்படுத்தியது மின்தடையும் நகரும் தொடுமுனையும் கொண்ட எளிய அமைப்பு. அது விரைவில் சூடேறிக் கருகும். ஆதலால் மின்னணுக் கட்டுப்பாட்டை அதன் இடத்தில் பொருத்துவோர் பலர். 27 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கிய பழைய கருவிகளில், ஒரே படிகத்தைக் கொண்ட இருவர் ஒரே திடலில் ஓட்டினால் ஒருவர் லோரியை மற்றவர் இழுத்துச் செல்வார். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தபின் அத்தொல்லை நீங்கியது.

இங்கேதான் சேகரிப்போரிடையே ஒரு வழக்கு எழுகிறது. பழைய பாகத்தை மாற்றிவிட்டால் அது பழைய லோரியாகுமா? ஓட்டினால் தேயும், ஓட்டாமல் வைத்தால் அது லோரியா, அலமாரிப் பொம்மையா? ஒருசாரார் பெட்டியைத் திறவாமலே காக்க வேண்டும் என்பர். மறுசாரார், ஓடுவதற்குச் செய்யப்பட்டதை ஓடவிடாமல் வைப்பது அதனைச் செய்தவரின் உழைப்பை மறுப்பதாகும் என்பர். அசைவற்றுக் கிடக்கும் ரப்பரும் இறுகத்தான் செய்கிறது என்பது பின்னவரின் வலுவான வாதம்.

இவ்வழக்கை ஓரளவு தணித்தது மறுவெளியீடு. 2000களில் தொடங்கித் தமியா நிறுவனம் பழைய ஊர்திகளை ஒவ்வொன்றாக மீண்டும் வெளியிட்டது. 2012-இல் புரூசரும், உள்ளமைப்பில் மாற்றங்களுடன், மீண்டு வந்தது. பழையதைப் பெட்டியில் காத்துப் புதியதை ஓட்டும் வழி அதனால் திறந்தது. வரைபடமும் செய்முறைக் குறிப்பும் காக்கப்பட்டிருந்தமையால்தான், இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு பொருள் திரும்பப் பிறக்க முடிந்தது. ஏதும் காக்கப்படாதிருந்தால், பணம் இருந்தும் பயனில்லை.

இவ்வுண்மை பொம்மையோடு நிற்பதன்று. பத்தில் ஒரு பங்கு லோரியின் ஒவ்வொரு திருகாணிக்கும் கணக்கு இருக்கிறது. ஆனால், தோட்டத்துப் பாலைச் சுமந்த மெய்யான லோரிகளுள் எத்தனை இன்று எஞ்சியுள்ளன? அவை பழைய இரும்பாக நிறுக்கப்பட்டுப் போயின. பிரிக்பீல்ட்சில் இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த திடல் இருந்த இடத்தில் 2001-ஆம் ஆண்டிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் நிற்கிறது. மாற்றம் வேண்டியதே, அதனைக் குறைகூறுவதற்கில்லை. மாற்றத்துக்கு முன் ஒரு படமேனும், ஓர் அளவேனும் எடுத்துவைக்கத் தவறியதே இழப்பு. அவ்வூர்திகளை ஓட்டியவர்களின் பெயர்கள் எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படவில்லை.

ஆகவே, பழைய மாதிரி லோரிகளைப் பேணுவோர் தம் கலையைச் சற்றே விரித்தல் நன்று. டப்பாவையும் பலகையையும் கொண்டு, தோட்டத்து லோரியின் வடிவை நினைவிலிருந்து செய்யவல்ல முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு அமர்ந்து அளவு கேட்டு, நிறம் கேட்டு, ஒரு மாதிரியேனும் செய்யலாம். அந்த லோரி எத்தோட்டத்தது, எவர் ஓட்டியது, எந்த ஆண்டு வரையில் ஓடியது என்று ஒரு தாளில் எழுதி, அதன் இருக்கைக்கடியில் வைத்துவிடலாம். பிற்காலத்தில் அதனைப் பழுது நீக்கப் பிரிக்கும் சிறுவன் முதலில் காண்பது அந்தத் தாளாக இருக்கட்டும்.