தக்கீலே தீவின் பின்னல் கலை

தக்கீலே என்பது பெரு நாட்டின் தென்கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,810 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்டிகாக்கா ஏரியில், பூனோ நகரிலிருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில் அமைந்த சிறு தீவாகும். கெச்சுவா மொழி பேசும் இத்தீவினரிடையே தொப்பி பின்னுவது ஆண்களின் வேலையாகவும், இடைக்கச்சும் போர்வையும் நெய்வது பெண்களின் வேலையாகவும் இருந்து வருகின்றன. பின்னல் என்பது ஊசியில் ஏற்றிய கண்ணிகளின் வழியே நூலை இழுத்துப் புதிய கண்ணிகளை உண்டாக்கித் துணியாக வளர்க்கும் முறை. பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் நெசவு அதனின் வேறானது. இவ்விரு தொழில்களும் ஒரே ஆளின் உடையில் வந்து சேர்ந்தாலும் அவற்றின் வயது ஒன்றன்று. நெசவு இன்கா ஆட்சிக்கும் முந்தியது; பின்னலோ ஸ்பானியரோடு வந்தது.

ஸ்பானியர் வருமுன் ஆண்டீஸ் மலைநாட்டில் பின்னல் இருந்ததாகச் சில பழைய நூல்கள் கூறுவது ஒரு தோற்ற மயக்கத்தால் நேர்ந்தது. பராகாஸ், நாஸ்கா பண்பாடுகளைச் சேர்ந்த துணிகளின் ஓரங்களில் பறவைகளும் மனித உருவங்களும் கண்ணிவேலையாகச் செய்யப்பட்டுள்ளன. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அவை பின்னல் போலவே தோன்றும். ஆனால் அவை காதுள்ள ஒற்றை ஊசியால், ஒவ்வொரு கண்ணிக்கும் நூல் முழுவதையும் இழுத்துக் கோத்து முடிக்கப்பட்டவை. இரண்டோ பலவோ ஆன ஊசிகளில் கண்ணிகளைத் தாங்கிப் பின்னும் முறையை இன்கா மக்கள் அறிந்திருக்கவில்லை.

அம்முறை ஸ்பெயினுக்கே வெளியிலிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல் துண்டுகளுள் பல எகிப்தைச் சேர்ந்தவை. ஐரோப்பாவின் பழைய சான்றுகளுள் முதன்மையானவை, 1275இல் இறந்த காஸ்டில் இளவரசர் பெர்னாண்டோ தெ லா செர்டாவின் கல்லறையிலிருந்து, பூர்கோஸ் நகரை அடுத்த லாஸ் உயெல்காஸ் மடத்தில் எடுக்கப்பட்ட பட்டுத் தலையணை உறைகளாகும். கிறித்தவ இளவரசரின் தலைக்கு வைத்த உறையில் அருளை வேண்டும் அரபுச் சொல் பின்னப்பட்டிருப்பது, ஸ்பெயினில் இக்கலை முஸ்லிம் கைவினைஞர்களிடம் இருந்ததைக் காட்டுகிறது. 1532இல் தொடங்கிய படையெடுப்பைத் தொடர்ந்து செம்மறியாடும் ஊசிகளும் ஆண்டீசை அடைந்தபோது, அங்கே அல்பாக்கா, இலாமா மயிரைத் திரித்து நூலாக்குவதில் பல தலைமுறைகளாகத் தேர்ந்த கைகள் இருந்தன.

வந்த வழியின் தடம் செய்முறையிலேயே பதிந்துள்ளது. மெல்லிய கம்பி ஊசிகள் ஐந்தைக் கொண்டு, அவற்றுள் நான்கில் கண்ணிகளை நிறுத்தி ஐந்தாவதால் பின்னிச் சென்று, தையலே இல்லாத குழாய் வடிவில் தொப்பி வளர்க்கப்படுகிறது. நூலைக் கழுத்தைச் சுற்றி வரவிட்டு இறுக்கத்தைச் சீராக்கிக்கொள்வதும், இடக்கைப் பெருவிரலால் அதை ஊசிமேல் தள்ளுவதும், துணியின் உட்புறத்தைத் தம் பக்கமாக வைத்துப் பின்னுவதும் ஆண்டீஸ் வழக்கம். கழுத்தில் நூல் சுற்றும் இதே முறை போர்ச்சுகலிலும் எகிப்திலும் உண்டு. பல நிறத் தொப்பியில் ஒரு நிற நூல் வேலையில் இருக்கும்போது மற்ற நூல்கள் உட்புறமாகவே ஓடுவதால், அப்புறம் கண்ணெதிரே இருப்பது பின்னுபவருக்குப் பெரும் வசதியாகிறது.

தீவு ஆண்களின் கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் ஸ்பானிய உழவரின் உடையை ஒத்தவை. 1780இல் இரண்டாம் துப்பாக் அமாரு தலைமையில் எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின் காலனி அரசு இன்கா உடைகளைத் தடை செய்தது. ஆண்டீஸ் ஊர்களில் ஸ்பானிய நாட்டுப்புற உடை வேரூன்றியதற்கு அத்தடை ஒரு காரணம். அவ்வுடையோடு அணியும் சுல்யோ என்னும் பின்னல் தொப்பியோ அணிபவரின் நிலையைச் சொல்லும் அடையாளமாயிற்று. மணமானவர் முழுவதும் வேலைப்பாடமைந்த சிவப்புத் தொப்பியும், மணமாகாதவர் மேற்பாதி வெள்ளையான தொப்பியும், ஊர்ப் பொறுப்பில் உள்ளவர் காதுமடல் வைத்த பல நிறத் தொப்பியும் அணிவர். மாப்பிள்ளையாக வருபவன் பின்னிய தொப்பியில் நீர் ஊற்றி, ஒழுகாவிட்டால்தான் பெண் கொடுப்பார்கள் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படுவதுண்டு. கதை எவ்வாறாயினும், நீரைத் தாங்கும் அளவுக்கு நெருக்கமான கண்ணியே அங்கு நல்ல கைவேலையின் அளவுகோல் என்பது அதனால் தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தக்கீலே அரசியல் கைதிகளை அடைக்கும் இடமாகவும் பயன்பட்டது. பின்னாளில் நாட்டின் தலைவரான சான்செஸ் செர்ரோ அங்குச் சிறையிருந்தவர். பண்ணையாரிடமிருந்த நிலங்களைத் தீவினர் படிப்படியாக விலை கொடுத்து மீட்டனர். 1950கள்வரை வெளியுலகத் தொடர்பு குறைவாகவே இருந்தமையால், துணிகள் பெரும்பாலும் சொந்தப் பயனுக்கே செய்யப்பட்டன. 1968 அளவில் கூஸ்கோ நகரில் விற்பனை தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் சுற்றுலாப் பயணிகள் தீவுக்கே வரலாயினர். தக்கீலேயின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்து, 2008இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உழவு மாதங்களையும் சடங்குகளையும் குறிக்கும் நாட்காட்டிக் கச்சும், ஸ்பானியரோடு வந்த ஊசியால் பின்னும் சுல்யோவும் அந்த ஒரே பதிவில் இடம்பெற்றுள்ளன. ஆலைக் கம்பளியும் செயற்கைச் சாயமும் இன்று தாராளமாகப் புழங்குகின்றன. சதுக்கத்தை ஒட்டிய ஊர்ப் பொதுக்கடையில் விலை பொதுவாக முடிவு செய்யப்படுவதால் பேரத்துக்கு இடமில்லை.