மண்ணெண்ணெயில் ஓடிய பீ.எஸ்.ஏ.

வரலாறு என்றதும் அரசர்களையும் கல்வெட்டுக்களையும் நினைத்துக்கொள்ளவே நாம் பழகியிருக்கிறோம். துருப்பிடித்த ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றும்போதும் ஒரு நாட்டின் வரலாறு கையில் கரியாய் ஒட்டிக்கொள்ளும் என்பதை எனக்குக் காட்டித் தந்தவர்கள் இரண்டு முதியவர்கள். நேயர்களுடன் இன்று நான் பகிர்ந்துகொள்ள விரும்புவது அந்த அனுபவத்தையே.

எங்கள் ஊர் உருத்திரபுரம். கிளிநொச்சி நகருக்கு மேற்கே, இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் நெற்செய்கைக் கிராமம். எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று வாய்க்கால் இலக்கத்தைச் சொல்லியே இங்கு வீட்டு அடையாளம் சொல்வார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் காணி திருத்தியவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். அவர் அந்நாளில் பழைய விலைக்கு வாங்கிய வாகனம்தான் பீ.எஸ்.ஏ. எம் 20.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அதை வீட்டிலேயே விட்டுச் சென்றோம். 2010இல் மீளக் குடியமர்ந்தபோது, இடிந்த கொட்டிலின் கூரைக்குக் கீழே அது சாய்ந்து கிடந்தது. முன் சில்லு இல்லை. தாங்கியின் அடிப்பாகம் துருவேறி ஓட்டையாகியிருந்தது. பழைய இரும்பு வாங்குகிறவர்கள் தராசோடு ஊர் ஊராக வந்த காலம் அது. எங்கள் படலையிலும் நின்று கிலோவுக்கு விலை சொன்னார்கள். சமையலுக்குப் பாத்திரங்கூட ஒழுங்காக இல்லாத வீடு எங்களுடையது. இருந்தும் தந்தையார், "அது இரும்பில்லை" என்று மட்டும் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டார். திருத்த வேண்டுமென்ற எண்ணம் எனக்கு அன்றைக்கே விழுந்தது. கை வைத்தது அவர் காலமான பின்னர்தான்.

இந்த வாகனத்தின் பிறப்பிடம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரம். 1861இல் துப்பாக்கி செய்வதற்கென்று தொடங்கப்பட்ட பீ.எஸ்.ஏ. கொம்பனி, 1910இலிருந்து மோட்டார் சைக்கிள்களையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எம் 20 அறிமுகமானது 1937இல். 496 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, ஒற்றைச் சிலிண்டர், பதின்மூன்று குதிரை வலு. வேகத்துக்குப் பேர்போனதன்று, பாரம் இழுக்கப் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளுக்கென்று ஏறத்தாழ 1,26,000 எம் 20கள் செய்யப்பட்டன. 1940 நவம்பர் 19 இரவு ஜேர்மன் விமானங்கள் அந்தத் தொழிற்சாலை மீது குண்டு வீசியதில் 53 தொழிலாளர்கள் மாண்டார்கள். எங்கள் வாகனத்தின் சட்டத்தில் பொறித்த இலக்கம் போர்க்காலக் கட்டளைக்குரிய எழுத்துக்களுடன் தொடங்குகிறது. போருக்கென்று பிறந்து, வயலுக்கு வந்து, மறுபடி போருக்குள் அகப்பட்ட வண்டி அது.

முதலாவது ஆசான் எங்கள் பக்கத்து வாய்க்காலில் வசித்தவர். வாழ்நாள் முழுவதும் இறைப்பு மிசின் திருத்தியவர். அவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். புகைக் குழாயில் பாம்புபோலச் சுற்றியிருந்த செப்புக் குழாயைக் கண்டதும் சிரித்தார்.

"தம்பி, இது நான் சுத்தினது. தொண்ணூற்றொண்டில."

1990 யூனில் போர் மறுபடி மூண்டபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் பற்றறியும் தடைசெய்யப்பட்டன. கள்ளமாக வந்த பெற்றோலின் விலை ஏழைக்கு எட்டாது. கிடைத்தது பங்கீட்டு மண்ணெண்ணெய். அதிலேயே ஊர் ஓடியது.

பெற்றோலுக்கு அமைந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது எப்படி? ஐயா மணலில் கோடு கீறி விளக்கினார். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு நல்ல சூடு வேண்டும். ஆகவே சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளி விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். செப்புக் குழாய் புகைக் குழாயின் சூட்டை வாங்கி, காபறேற்றருக்குப் போகும் எண்ணெயை முன்கூட்டியே காய்ச்சிக் கொடுக்கும். மற்றொரு தடை, சிலிண்டருக்குள் கலவை நெருக்கப்படும் அளவு. நெருக்கம் கூடினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன் வெடித்து எஞ்சினைத் தட்டும். அக்காலத்து ஜப்பானிய வண்டிகளில் நெருக்கம் எட்டுக்கு ஒன்றையும் தாண்டும். அவற்றுக்குத் தடித்த காஸ்கற் போட்டு நெருக்கத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. எம் 20இன் நெருக்கமோ 4.9க்கு ஒன்றுதான். அது பழசு என்று ஒதுக்கக் காரணமாயிருந்த குறையே தடைக்காலத்தில் அதன் பலமாயிற்று. மேலும் அதன் தீப்பொறி மக்னீற்றோவிலிருந்து வருகிறது; பற்றறி தேவையில்லை.

இந்த அறிவு தடை வந்த அன்று வானத்திலிருந்து விழவில்லை. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின்கள் துலாவின் இடத்தைப் பிடித்த காலந்தொட்டே நம் தோட்டக்காரருக்கு இந்த வித்தை தெரியும். 1946இல் வெளிவந்த பேர்குசன் உழவு இயந்திரத்திலும், 1949இலிருந்து, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளில் ஓடும் வகை ஒன்று இருந்தது. கிணற்றடியில் கற்றதை வீதிக்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் எந்த நூலிலும் அது எழுதப்படவில்லை.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி ஒயிலுடன் கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயில் பெயாரிங்கைத் தின்னும். நாங்கள் எஞ்சினைப் பிரித்தபோது பெரிய பெயாரிங் ஆடியது. வால்வுகளில் கரி விரல் தடிப்புக்கு இருந்தது. அந்தக் கரியைச் சுரண்டியபடி ஐயா சொன்னார்: "தொண்ணூற்றாறில சனம் இடம்பெயரேக்க இதிலதான் கொப்பர் நெல்லுமூட்டை ஏத்தினவர். காய்ச்சல்காரரையும் ஏத்தி அக்கராயனுக்குக் கொண்டுபோனவர்."

இரண்டாவது ஆசான் யாழ்ப்பாணத்தவர். பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களை ஐம்பது வருடங்களாக அறிந்தவர். எங்கள் மக்னீற்றோ குளிரில் பொறி தரும், சூடேறியதும் செத்துவிடும். காரணம் அதற்குள்ளிருக்கும் மின்கொள்ளி பழுதாவதே என்று சொல்லி, கம்பிச்சுருளையும் புதிதாகச் சுற்றித் தந்தார். முன் சில்லுக்கு 19 அங்குல றிம் தேடித் தந்தவரும் அவரே. 1955 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்ட புல்லட்டின் 3.25 அங்குல ரயர் அதற்கு அளவாகப் பொருந்தியது.

வண்டி பூர்த்தியாகும் தறுவாயில் ஒரு தர்க்கம் எழுந்தது. யாழ்ப்பாணத்து ஆசான், "செப்புக் குழாயைக் கழற்று, கொம்பனி விட்ட மாதிரியே இருக்கவேண்டும்" என்றார். குழாயைச் சுற்றியவரே அதைக் காப்பாற்றுவார் என்று நினைத்தேன். அவரும் கழற்றத்தான் சொன்னார். ஆனால் காரணம் வேறு.

"அது கெட்டித்தனத்துக்குச் செய்ததில்லைத் தம்பி. வழியில்லாமல் செய்தது. பட்ட கஷ்டத்தைப் பூட்டிக்கொண்டு திரியிறதே?"

இருவருக்கும் நான் உடனே பதில் சொல்லவில்லை. இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குழாய் கழற்றப்படாமலே சில காலம் கிடந்தது.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. அந்த நாட்களில் ஊர்ப் பெடியன்கள் எங்கள் கொட்டிலுக்கு வந்து செப்புக் குழாயைக் காட்டி, "அண்ணை, இப்பிடி எங்கட வண்டிக்கும் செய்யலாமோ?" என்று கேட்டார்கள். ஐயாவிடம் கூட்டிச் சென்றேன். அவர் முதலில் மறுத்தார். பிறகு அதே மணலில் அதே கோட்டைக் கீறினார். அவர்களது வண்டியில் நெருக்கம் எவ்வளவு, ஏன் ஒத்துவராது, பெயாரிங் எப்படிப் போகும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். போதாதற்கு அந்த ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. பழைய வித்தை புதிய வண்டிக்கு உதவவில்லை. ஆனால் தம் தகப்பன்மார் எப்படி ஓடினார்கள் என்பதை அந்தப் பிள்ளைகள் அன்றுதான் அறிந்துகொண்டார்கள்.

அன்று மாலை ஐயாவிடம் என் முடிவைச் சொன்னேன். பேர்மிங்ஹாமில் இந்த வண்டி இருந்தது சொற்ப காலம். உருத்திரபுரத்தில் இருந்தது ஒரு மனித ஆயுளின் பெரும்பகுதி. முதல் நாளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு மிகுதி நாட்களை அழித்தால், அது திருத்தமாகாது. ஐயா மறுத்துப் பேசவில்லை. குழாயை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, தளர்ந்திருந்த இரண்டு சுற்றுக்களைத் தம் கையாலேயே இறுக்கிப் பூட்டினார்.

இப்போது வண்டி பெற்றோலில்தான் ஓடுகிறது. செப்புக் குழாய்க்குள் எதுவும் ஓடுவதில்லை. யாராவது அது என்னவென்று கேட்டால் மட்டும் நிறுத்தி, இறங்கிச் சொல்கிறேன்.